ஒரே வயலுக்கு ஐந்து தலைப்பு: செங்கோட்டை நிலப் பதிவேடுகள் பற்றி

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் குளிக்கலாம் என்று கிளம்பினேன். போனது செங்கோட்டையில் ஆச்சி வீட்டுக்கு. இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்பினேன். அருவியில் நின்றது மொத்தம் அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஒரு 23 சென்ட் வயல் தின்றுவிட்டது.

விஷயம் சின்னது. ஆச்சியின் அப்பா வாங்கிய வயல். பட்டாவை ஆச்சி பெயருக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் நீளமான படிவம்: மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, பத்திர எண், பத்திர ஆண்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது. பத்திரத்தில் இருந்த எண்ணைப் போட்டால் அப்படி ஒரு உட்பிரிவே இல்லை என்றது. உட்பிரிவை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டால், யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு வந்து நின்றது.

"எய்யா, எங்கப்பா அந்த வயல்ல நெல்லு அறுத்தத நான் கண்ணால பாத்திருக்கேன். இவன் எப்படி இல்லங்கான்?" என்றாள் ஆச்சி.

பத்திரத்தை விரித்தேன். மேலே திருவிதாங்கூர் சங்கு முத்திரை. எழுத்து மலையாளம். ஆண்டு கொல்லம் 1118. படிவத்தில் பத்திர ஆண்டுக்கு நான்கு இலக்கம்தான் கேட்டிருந்தார்கள், 1118-ம் நான்கு இலக்கம்தான். ஆனால் குலோத்துங்க சோழன் காலத்துப் பத்திரமா என்று கணினி சந்தேகப்பட்டிருக்கும்.

இந்த இரண்டு நாள் வேலையில் எனக்குப் பிடிபட்டதை எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு. நிலப் பதிவேடு என்பது ஒரு மாபெரும் படிவம். அதை நிரப்ப ஒரு மூல ஆவணம் உண்டு. மூலம் மாறினால் படிவத்தை மாற்ற வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள தொடர்பை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் கேள்வி. கடந்த நூறு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு மிக அதிகமாகப் பதில் சொல்ல வேண்டி வந்த ஊர்களில் செங்கோட்டையும் ஒன்று.

முதலில் தலைப்பை மட்டும் பாருங்கள். ஆச்சி பிறந்தபோது ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், கொல்லம் பக்கம். சமஸ்தானம் போய் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் வந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தாலுகா சென்னை ராஜ்யத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 1986 அக்டோபரில் தூத்துக்குடிப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மீதி திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் வந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்கள், மறுபடி திருநெல்வேலி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி மாவட்டம் பிறந்தது. கொல்லம், திருநெல்வேலி, நெல்லை கட்டபொம்மன், திருநெல்வேலி, தென்காசி. வயல் ஒரு அடி நகரவில்லை, ஆனால் அதன் காகிதத்துக்கு மேலே ஐந்து தலைப்பு. நடுவில் 1969-ல் சென்னை ராஜ்யமே தமிழ்நாடு ஆனது, அது தனிக் கணக்கு.

தலைப்பு மாறுவது எளிது. உள்ளே இருக்கிற கட்டங்கள்தான் பாடு படுத்தும்.

ஒரு கிராமத்தின் நிலக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள். அளவைத்துறை நிலத்தை அளந்து ஒவ்வொரு துண்டுக்கும் புல எண் கொடுத்து வரைபடம் போடுகிறது. அதன் மேல் மண் வகை, தரம், தீர்வை எல்லாம் நிர்ணயித்து செட்டில்மென்ட் பதிவேடு வருகிறது. இதுதான் மூலம். அதிலிருந்து கிராமத்தில் 'அ' பதிவேடு. அது புல எண் வரிசையில் இருக்கும்: இந்த எண், இவ்வளவு பரப்பு, நன்செய்யா புன்செய்யா, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார். இதையே ஆள் வாரியாகத் திருப்பி அடுக்கினால் சிட்டா. ஒருவர் பெயரில் எத்தனை துண்டு இருந்தாலும் அவர் பட்டா எண்ணின் கீழே வந்துவிடும். அதையே பயிர் வாரியாக வருஷாவருஷம் எழுதினால் அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்பார்கள்.

அதாவது ஒரே தகவல் மூன்று இடத்தில், மூன்று வரிசையில். ஒரு துண்டு நிலம் விற்றால் மூன்றிலும் கை வைக்க வேண்டும். ஒன்றில் வைத்து மற்றதில் மறந்தால் முடிந்தது கதை. இதைப் பிடிக்கத்தான் ஜமாபந்தி. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதை ஒட்டி, மேலதிகாரி வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை பார்ப்பார். இன்றைக்கு அது மனு கொடுக்கும் நாள் என்றுதான் ஜனங்களுக்குத் தெரியும். உள்ளபடி அது கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கும் ஏற்பாடு.

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது உட்பிரிவு எண்தான். புல எண் 45 இரண்டாகப் பிரிந்தால் 45/1, 45/2. அந்த 45/2-ஐப் பிள்ளைகள் பங்கு வைத்தால் 45/2அ, 45/2ஆ. அதில் ஒருவர் பாதியை விற்றால் 45/2அ1, 45/2அ2. எண்ணைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தில் எத்தனை தடவை பாகப்பிரிவினை நடந்தது என்று சொல்லிவிடலாம். பழைய எண்ணை அழிக்காமல் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். தாத்தா பெயர் பேரன் பெயருக்கு முன்னால் நிற்கிற மாதிரி. கணினிக்காரர்கள் இதற்கு இப்போது பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், நம்ம ஊர் சர்வேயர் அதை நூறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

சிக்கல் எங்கே வருகிறது? மறு அளவை வரும்போது. எல்லாவற்றையும் புதிதாக அளந்து 1-லிருந்து எண் போட்டுவிடுவார்கள். வால் அறுந்துவிடும். அப்போது பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்று ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். 'அ' பதிவேட்டின் முதல் சில கட்டங்களிலேயே பழைய புல எண், உட்பிரிவு எண் என்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், இதற்காகத்தான். நல்ல யோசனை. ஆனால் அந்தக் கட்டத்துக்கு ஒரு தலைமுறை ஞாபகம்தான் உண்டு. இப்போதைய எண்ணுக்கு முந்திய எண் இருக்கும். அதற்கும் முந்தியது இருக்காது.

தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ அந்த ஒரு தலைமுறை ஞாபகம் பெரும்பாலும் போதும். அவை ஆரம்பத்திலிருந்தே சென்னை மாகாணம். பசலி ஆண்டு, ரயத்துவாரி முறை, தமிழ்க் கணக்கு எல்லாம் வழிவழியாக ஒரே மாதிரி. (ஜமீன், இனாம் கிராமங்கள் வேறு கதை. 1948, 1963 ஒழிப்புச் சட்டங்களுக்குப் பிறகு அங்கேயும் புதிதாகக் கணக்கு திறந்தார்கள்.) செங்கோட்டை குற்றாலத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதே சாரல், அதே நெல். ஆனால் கணக்கு வேறு உலகம்.

திருவிதாங்கூர் தன் செட்டில்மென்டை 1886-ல் அரச விளம்பரத்தோடு தொடங்கி 1911 வாக்கில் முடித்தது. கிராமத்துக்கு அங்கே பகுதி என்று பெயர், கிராம அதிகாரி பார்வத்தியக்காரர். நம்ம சிட்டா செய்யும் வேலையை அங்கே தண்டப்பேர் கணக்கு செய்தது. ஆண்டு கொல்லம் ஆண்டு, சிங்கம் முதல் தேதி பிறக்கும். அதாவது ஆவணி. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஆனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824 தான் கூட்ட வேண்டும். ஆச்சியின் பத்திரம் மகர மாதம் 1118, அதனால் 1943. இதே பத்திரம் துலாம் மாதம் எழுதியிருந்தால் 1942. படிவத்தில் ஒரு வருஷம் தப்பினால் பத்திரம் கிடைக்காது, அவ்வளவுதான். கொல்லம் ஆண்டு மலையாளத்துக்கே உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம், நெல்லைச் சீமைப் பழைய ஓலைகளிலும் அது சகஜம். அரசாங்கக் கணக்கில் அது நின்றதுதான் எல்லைக்கு அந்தப் பக்கம்.

பிறகு காசு. திருவிதாங்கூரில் ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்துக்காகப் பத்திரங்களில் எந்த ரூபாய் என்று எழுத வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ரூபாய், அணா, பைசா. சக்கரத்தில் இருந்த தீர்வை அணாவுக்கு வந்து மூச்சு விடுவதற்குள் 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்துவிட்டது.

1956 நவம்பர் 1 என்றால் கொல்லம் 1132, பசலி 1366. இரண்டு ஆண்டும் நடுவில் இருக்கின்றன. ஒரு கணக்கு ஆவணியில் திறந்தது, இன்னொன்று ஜூலையில் திறந்தது. இரண்டுமே பாதியில் நிற்க, நாடு மாறுகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று படிக்கும்போது ஒரு நுட்பமான ஏற்பாடு கண்ணில் பட்டது. ராஜ்யங்கள் மறுசீரமைப்புச் சட்டம் 1956-ன் 4-வது பிரிவு செங்கோட்டை தாலுகாவைத் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்க்கிறது. சரி. ஆனால் அதே சட்டத்தின் 119-வது பிரிவு, நிலப்பரப்பு மாறியதாலேயே எந்தச் சட்டம் எங்கே செல்லும் என்பது மாறிவிடாது என்கிறது. பழைய சட்டங்களில் ஒரு ராஜ்யத்தின் பெயர் வந்தால், மாற்றத்துக்கு முந்தைய நாள் அந்த ராஜ்யத்தில் இருந்த இடங்கள் என்றே பொருள் கொள்ள வேண்டும், வேறு ஏற்பாடு செய்கிற வரைக்கும். ஆக, நவம்பர் 1 காலையில் செங்கோட்டையின் தலைப்பு மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை. ஊர் சென்னை ராஜ்யம், சட்டம் திருவிதாங்கூர்.

என் பார்வையில் இது ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவு. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரே ராத்திரியில் திருத்தியிருக்க முடியாது. திருத்த முயன்றிருந்தால் பாதி திருந்தி பாதி திருந்தாத நிலையில் ஊர் மாட்டியிருக்கும். அதற்குப் பதிலாக, பழையதை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்லிவிட்டு, திருத்துவதற்கு அவகாசம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அவகாசத்தில் வந்தவைதான் 1957-ன் 22-ம் எண் சட்டம், சென்னை ராஜ்யத்துச் சட்டங்களைப் புதிதாக வந்த பகுதிக்கு நீட்டிப்பதற்கு. பிறகு 1964-ன் 30-ம் எண் சட்டம், அங்கே ரயத்துவாரி செட்டில்மென்ட் கொண்டுவர. இந்தச் சட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தையும் செங்கோட்டை தாலுகாவையும் சேர்த்து 'மாற்றப்பட்ட பிரதேசம்' என்று ஒரே பெயரில் சொல்கின்றன. ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. கோர்ட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விதமான திருத்தமும் உண்டு. 1969-ல் ராஜ்யத்தின் பெயர் மாறியபோது ஒரு சட்டத் தழுவல் ஆணை போட்டு, சட்டங்களின் பெயரில் 'சென்னை' என்று இருந்த இடத்தில் 'தமிழ்நாடு' என்று மொத்தமாக மாற்றினார்கள். தேடு, மாற்று. பெயர் மட்டும் மாறி, எண்ணும் ஆண்டும் அப்படியே இருந்ததால் இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. 30/1964 இன்றைக்கும் 30/1964 தான். எண்ணை வைத்து நூலகத்தில் எந்தப் பதிப்பை எடுத்தாலும் அதே சட்டம் கிடைக்கும்.

நிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புது செட்டில்மென்ட், மறு அளவை என்று வரும்போது மாறுவதே எண்தான்.

ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. அரியலூர்ப் பக்கம் திருமழபாடிக் கோயிலை முதலாம் ராஜராஜன் காலத்தில் இடித்துக் கட்ட உத்தரவானது. சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகள் என்னாவது? முதலில் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு இடித்திருக்கிறார்கள். கோயில் எழும்பி, ராஜேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இந்த விவரமும் அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. கோயில் நிலங்களின் உரிமையெல்லாம் அந்தச் சுவரில்தானே இருந்தது, அது மறைந்தால் நிலமும் மறைந்த மாதிரி. நடுவில் பல வருஷம் அந்த ஊர் நில உரிமைக்கு ஆதாரம் ஒரு புத்தகம் மட்டும். அதை யாரோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

செங்கோட்டைக்கு வருவோம். 1979-ல் தமிழ்நாடு முழுக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. ஜனங்கள் வாயில் யு.டி.ஆர். 1987 வரைக்கும் நடந்தது. நோக்கம் நல்ல நோக்கம்: பதிவேட்டில் இருக்கிறவர் செத்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், நிலம் நான்கு கை மாறியிருக்கும், கணக்கு அப்படியே கிடக்கும். இதைக் களத்தில் போய் விசாரித்து, இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. கூடவே ஏக்கர், சென்ட் கணக்கை ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாற்றினார்கள்.

இன்றைக்கு வருவாய் நீதிமன்றங்களில் 'யு.டி.ஆர். தவறு திருத்தம்' என்று தனியாக ஒரு மனு வகையே இருக்கிறது என்றால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தப்பு, பரப்பு தப்பு, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இங்கே ஏறியது, பட்டா நிலம் புறம்போக்கு ஆனது, எல்லா வகையும் உண்டு. அளவு மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். 23 சென்ட் என்றால் 9.31 ஏர். அதை அரை ஏருக்கு வட்டமாக்கினால் 9.50. திருப்பிக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 23½ சென்ட். காகிதத்தில் அரை சென்ட் முளைத்துவிட்டது. பக்கத்து வயலில் அரை சென்ட் குறைந்திருக்கும். வரப்புத் தகராறுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் நான் வட்டமாக்கலைப் பெரிய குற்றவாளியாகப் பார்க்கவில்லை. தேதியைப் பாருங்கள். திட்டம் 1979–87. நட்ட நடுவில், 1980 நவம்பர் 14-ல், எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிகளின் பதவியை அவசரச் சட்டம் போட்டு ஒழித்தது. கர்ணம், முன்சீப் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு. 1981-ல் சட்டமாகி, 1982-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பரம்பரை அதிகாரத்தால் ஊரில் நடந்த அக்கிரமங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்த ஒழிப்பு நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும், சொந்தக்காரன் பெயருக்கும் ஊர்க்காரர்கள் கூப்பிடும் பட்டப்பெயருக்கும் நடுவில் இருந்த தொடர்பு பாதி பதிவேட்டில் இருந்தது, பாதி கணக்குப்பிள்ளை மண்டையில் இருந்தது. பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே மண்டை வெளியே போய்விட்டது. புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் கையில் காகிதம் மட்டும். யு.டி.ஆர். தவறுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் கணினி. 'தமிழ்நிலம்' மென்பொருளில் ஏறியது யு.டி.ஆருக்குப் பிறகு வந்த 'அ' பதிவேடும் சிட்டாவும். அதாவது கணினிக்கு மூலம் என்பது ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை பெயர்த்து எழுதிய ஒரு படி. 2018-ல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 வந்து, பத்திரப் பதிவும் வருவாய்க் கணக்கும் பேசிக்கொள்ள ஆரம்பித்தன. உட்பிரிவு செய்ய வேண்டாத நிலமாக இருந்தால் பத்திரம் பதிந்தவுடன் பட்டா தானாக மாறும் வசதியும் வந்தது. நல்ல முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டும் பேசிக்கொள்வது புல எண் என்ற ஒரே சாவியால். சாவி பழையது என்றால் கதவு திறக்காது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புது எண்ணில் தேடினால் பழைய எண்ணில் பதிந்த பத்திரம் வராது. வில்லங்கமே இல்லை என்று சுத்தமாக வரும். அந்தச் சுத்தத்தை நம்பி வாங்கினால் தீர்ந்தது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது இன்னொரு வேடிக்கையைப் பார்த்தேன். எட்டு வட்டங்கள் புது மாவட்டத்துக்கு வந்தன. முகவரியில் எது மாறும், எது மாறாது என்று ஊரே குழம்பியது. என் சித்தப்பா லெட்டர்பேடில் மாவட்டத்தை மாற்றி, பின்கோடையும் மாற்ற வேண்டுமோ என்று கேட்டார். வேண்டாம். குற்றாலம் 627802, செங்கோட்டை 627809, தென்காசி 627811, அப்படியே நிற்கும். 627 தபால் துறையின் கணக்கு, வருவாய் மாவட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. வண்டி எண்ணும் அப்படித்தான். தென்காசிக்கு டி.என். 76 என்பது மாவட்டம் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது, திருநெல்வேலிக்கு 72. பத்திரத்தில் இன்னும் விசேஷம். 2019-க்கு முந்தைய பத்திரங்களிலேயே 'திருநெல்வேலி மாவட்டம், தென்காசி பதிவு மாவட்டம்' என்று எழுதியிருப்பார்கள். பதிவுத்துறைக்கு தென்காசி எப்பவோ மாவட்டம். ஒரே பெயர், இரண்டு அதிகார வரிசை. 'மாவட்டம்' என்று மொட்டையாக ஒரு கட்டம் வைத்த படிவம் எந்த மாவட்டத்தைக் கேட்கிறது?

எல்லையை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாத காலமும் ஒன்று உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, எல்லை மாற்றங்களை 2019 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் உறைநிலை. தென்காசி அதற்கு ஐந்து வாரம் முன்னால் பிறந்து தப்பித்தது. அந்தக் கணக்கெடுப்பு சொன்ன ஆண்டில் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். 2020 ஜூனில் இன்னொரு கூத்து: தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றுகிறோம் என்று 1018 ஊர்ப் பெயர்களுக்கு ஆணை வெளியாகி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சில நாளில் யாராவது புது எழுத்துக்கூட்டலில் ரப்பர் ஸ்டாம்பு அடித்து வைத்திருந்தால் பாவம்.

சரி, ஆச்சி வயல். முதல் நாள் முழுக்கக் கொல்லம் ஆண்டையும் மலையாள எழுத்தையும் கட்டி அழுததில் ஒன்றும் நகரவில்லை. பத்திரத்தில் இருந்தது திருவிதாங்கூர் செட்டில்மென்ட் எண். இன்றைய 'அ' பதிவேட்டின் பழைய எண் கட்டத்தில் இருந்தது அதற்கு அடுத்த தலைமுறை எண். நடுவில் ஒரு கண்ணி காணோம். நான்கு எல்லையை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தால், கிழக்கே ஒரு பெயர், மேற்கே ஓடை, வடக்கே 'மேற்படியார் நிலம்'. அந்த மேற்படியார் யாரென்று ஆச்சிக்கே தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆச்சி தகரப் பெட்டியிலிருந்து தீர்வை ரசீதுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டாள். "இதெல்லாம் சும்மா வரி கட்டுன சீட்டுய்யா. வேணும்னா பாரு." ரப்பர் பேண்டு தொட்டவுடன் உதிர்ந்தது. 1970-களின் ரசீது ஒன்றில், புல எண்ணுக்குப் பக்கத்தில், யாரோ பென்சிலில் பழைய எண்ணைச் சின்னதாக எழுதி நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். பணம் வாங்கிய கணக்குக்காரராகத்தான் இருக்க வேண்டும். தனக்கு மறந்துவிடும் என்று எழுதினாரா, ஆச்சியின் அப்பா கேட்டு எழுதினாரா, தெரியாது. ஆனால் காணாமல் போன கண்ணி அதுதான்.

அந்த எண்ணிலிருந்து 'அ' பதிவேட்டின் பழைய எண் கட்டத்துக்குப் போய், அங்கிருந்து இன்றைய எண்ணுக்கு வந்தோம். திரையில் ஆச்சியின் அப்பா பெயர் வந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. பரப்பு 9.50 ஏர்.

"அப்பா பேர தப்பா போட்டுருக்கானே" என்றாள் ஆச்சி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படிவத்தை நிரப்பி, பத்திரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு, வாரிசுச் சான்று, ரசீதின் நகல் எல்லாம் ஏற்றினேன். மாவட்டம்: தென்காசி. பத்திர ஆண்டு: 1943. குறிப்பு என்று ஒரு கட்டம் கடைசியில் இருந்தது, 200 எழுத்துக்கு மேல் ஏறாது. அதில் மூன்று எண்களையும் வரிசையாக, எந்த ஆண்டு எது என்று சேர்த்து எழுதினேன். அந்தக் கட்டத்தை யாராவது வாசிப்பார்களா என்று தெரியாது. இதை எழுதும் இன்று வரை மனு நிலுவை என்றுதான் காட்டுகிறது.

மனு எண் போனுக்கு வந்தது. ஆச்சி அதை நம்பவில்லை. என்னிடம் பேனா வாங்கி, அந்த ரசீதின் பின்பக்கத்தில் மனு எண்ணை எழுதச் சொன்னாள். தேதியும் போடச் சொன்னாள். பிறகு கட்டோடு சேர்த்து மடித்து, புது ரப்பர் பேண்டு இல்லாததால் நூல் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.